முப்பதினாயிரம் தீவுகளுக்கிடையே ஒரு படகு

சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்ரொக்ஹோமுக்குக் கிழக்கே, பால்டிக் கடலிலே, தீவுகளும் திட்டுகளும் வெறும் பாறைகளுமாக ஏறத்தாழ 30,000 நிலத்துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. நமது யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் போன்று இவை தட்டையானவை அல்ல. யானையின் முதுகை ஒத்த வழவழப்பான கருங்கற் பாறைகள் நீரினின்றும் எழுந்து நிற்க, அவற்றின் இடுக்குகளிற் பைன் மரங்கள் வேரூன்றியிருக்கின்றன. பனியூழிக் காலத்திற் பனிக்கட்டியின் பாரத்தால் அமிழ்ந்த நிலம், அப்பாரம் நீங்கிய பின்னர், இன்றும் ஆண்டுதோறும் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அளவில் மேலெழுந்து கொண்டிருக்கிறது. பாட்டன் படகு கட்டிய ஆழமற்ற துறையிலே பேரன் புல்லறுப்பதும் அங்கே புதுமையன்று.

கோடைகாலத்தில் இத்தீவுகளைக் காண்பதற்குப் படகே சிறந்த வழி. வெண்ணிறப் பயணக் கப்பல்கள் பெரிய தீவுகளுக்கெல்லாம் போய்வருகின்றன. எனினும் சொந்தப் படகில், விரும்பிய பாறையோரத்தில் நங்கூரமிட்டு, இரவு பத்து மணிக்கு மறையும் சூரியனைப் பார்த்திருப்பது வேறொரு சுகம். அந்தச் சுகத்தை எனக்கு அளித்தவர், கப்பற் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு நண்பர். பதினொரு மீற்றர் நீளமான அவருடைய விசைப்படகில் அவர், அவர் மனைவியார், எண்பது வயதைக் கடந்த அவருடைய தமக்கையார், நான் ஆகிய நால்வரும் வக்ஸ்ஹோல்ம் என்னும் கோட்டைப் பட்டினத்திலிருந்து புறப்பட்டோம்.

இனி நான் எழுதப்போவது ஞாயிறு காலையிற் குடும்பத்தோடு இருந்து படிப்பதற்கு உகந்த விடயமா என்று சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். படகிலே மூன்று நாட்கள் வாழ்ந்தவர் எவரும் அவ்வாறு சுளிக்க மாட்டார் என்பது என் துணிபு. படகின் மலசலகூடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

பால்டிக் கடல் பெயருக்குத்தான் கடல். ஒடுங்கிய சில நீரிணைகளினூடாக மாத்திரமே அது பெருங்கடலோடு தொடர்புடையது. அதன் நீர் முழுவதும் மாறுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் செல்லும் என்பர். ஸ்ரொக்ஹோமை அண்டிய பகுதியில் உப்பும் பெருங்கடலில் இருப்பதில் ஐந்திலொரு பங்குதான். ஆகவே அதிற் கொட்டப்படும் கழிவு எளிதில் அகன்று போவதில்லை. வெப்பமான நாட்களிற் பாசி பெருகி, நீர் பச்சைக் கூழாகிவிடுகிறது. இதனைக் கருதியே உல்லாசப் படகுகள் மலசலகூடக் கழிவைத் தன் நாட்டு நீர்ப்பரப்பில் எங்கேனும் விடுதலாகாது என 2015 ஏப்ரல் 1ஆந் திகதி முதல் சுவீடன் தடை செய்தது. கழிவைத் தாங்கியிற் சேர்த்துவைத்துத் துறைமுகத்திலே உறிஞ்சுவிக்க வேண்டும்.

சிறிய படகிலே பெரிய தாங்கிக்கு இடமேது? வீட்டு மலசலகூடம் ஒரு தடவைக்கு 6 லீற்றர் நீரை விழுங்கினால், 100 லீற்றர் தாங்கி பதினாறு தடவையில் நிரம்பிவிடும். இவ்விடத்திலேதான் வெற்றிட முறை கைகொடுக்கிறது. 1950களில் யோவேல் லில்யெண்டால் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் வளர்த்தெடுத்த முறை இது. குழாய்களுக்குள் இருக்கும் காற்றை ஒரு பம்பி முன்கூட்டியே வெளியேற்றி வைத்திருக்கும். காலால் மிதியை அழுத்தியதும் கிண்ணத்தின் அடியிலுள்ள அடைப்பான் திறக்க, வெளிக்காற்றின் அமுக்கமே யாவற்றையும் உள்ளே தள்ளிவிடும். நண்பரின் படகில் அதற்கு அரை லீற்றர் நீரே போதுமாயிருந்தது. எழும் ஓசைதான் முதன்முறை கேட்பவரைத் திடுக்கிட வைக்கும்.

பம்பி என்பது கொல்லன் உலைத் துருத்தியின் சிறு வடிவந்தான். அதன் இருபுறமும் வாத்தின் அலகு போன்ற இறப்பர் அடைப்பான்கள் உள்ளன. ஒரு திசையில் வருவதை அலகு திறந்து விடும்; எதிர்த் திசையில் வருவதைத் தானே மூடித் தடுக்கும். வேண்டிய அளவு வெற்றிடம் உண்டானதும் ஒரு சாவி பம்பியை நிறுத்தும். யாரும் மலசலகூடத்தைப் பயன்படுத்தாவிடின், பம்பி மூன்று மணி நேரமாவது வாளாவிருத்தல் வேண்டும்.

முதலிரவு மோயா என்னும் தீவின் அருகே நங்கூரமிட்டோம். பம்பி வாளாவிருக்கவில்லை. பத்து நிமிடத்துக்கொருமுறை கர்ரென்று ஓடி, ஒரு நிமிடத்தில் ஓய்ந்து, மீண்டும் ஓடிற்று. எங்கோ காற்றுப் புகுகிறது என்பதே அதன் பொருள். கரையிலிருந்து மின்சாரம் பெற வழியில்லாத இடமாகையால், மின்கலம் வற்றுமுன் நண்பர் சாவியை அணைத்துவிட்டார். படுக்கைக்குப் போகுமுன் கிண்ணத்திலே சிறிது நீரை ஊற்றி, அதன் மட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு கீறினார்.

மறுநாட் காலையில் அந்தக் கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார். நீர் இறங்கவில்லை. ஆகவே கிண்ணத்தின் அடிவளையம் பழுதில்லை. இறங்கியிருந்தால் அதிற் படிந்த அழுக்கைத் துடைத்தாலே பாதி வேலை முடிந்திருக்கும். அடுத்துக் குழாய்ப் பட்டிகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பம்பியை ஓட்டிப் பார்த்தார். மீண்டும் பத்து நிமிடம். எஞ்சியிருந்தது பம்பி ஒன்றுதான். “காலையுணவு முடியட்டும், அவசரமில்லை” என்றார் அவர்.

அவசரம் இருந்தது. அதைக் கண்டவர் அவர் மனைவியார். தமக்கையாரின் கோப்பிக் கிண்ணம் தொடப்படாமலே ஆறிக் கிடந்தது. முதல்நாள் மாலையிலிருந்து அந்த அம்மையார் தேநீரும் அருந்தவில்லை, தண்ணீரும் அருந்தவில்லை. இரவில் மும்முறை எழ வேண்டிய வயது. மற்றவர்களுக்குத் தொல்லையாகலாகாது என்று ஒருவருக்கும் சொல்லாமல் வாயைக் கட்டிவிட்டார். இரத்த அமுக்கத்துக்கு மருந்து உட்கொள்பவர் வேறு. வெயிலோ காலை எட்டு மணிக்கே சுட்டது. “என்னைக் கரையில் இறக்கிவிடு, தம்பி, கப்பலில் வீடு போய்விடுகிறேன்” என்று அவர் மெல்லச் சொன்னபோது நண்பரின் முகம் மாறிற்று. பாதி உண்ட உரொட்டியை வைத்துவிட்டு எழுந்தார்.

வேலையை அவர் செய்த முறை குறித்து வைக்கத் தக்கது. முதலிற் சில தடவை நல்ல நீரை விட்டுக் குழாய்களைக் கழுவினார். பின்னர் மின்சாரத்தைத் துண்டித்தார். மிதியை அழுத்தி உள்ளிருந்த வெற்றிடத்தைப் போக்கினார். இதை மறந்து பம்பியைக் கழற்றுபவர் சட்டையை மாற்ற நேரும் என்றார். கையுறை அணிந்து, பழைய பத்திரிகைத் தாள்களைப் பரப்பி, அடைப்பான்களை வெளியே எடுத்தார். முதலாவது நன்றாயிருந்தது. இரண்டாவதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, மூடியிருக்க வேண்டிய அலகுகளுக்கிடையே நூலிழை அகலத்தில் வானம் தெரிந்தது. சிறுநீரின் உப்புகள் வெண்கல்லாகப் படிந்து, இறப்பர் விறைத்துப் போயிருந்தது. அவ்வளவுதான் குற்றம். தகரப் பெட்டியிலிருந்த புதிய அடைப்பான்களைப் பொருத்தினார். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம்.

சாவியைப் போட்டதும் பம்பி ஓடி நின்றது. நால்வரும் பேசாமல் இருந்தோம். பத்து நிமிடம் போயிற்று. அரை மணியும் போயிற்று. நீர்க்கோழியொன்றின் குரலைத் தவிர வேறு ஓசையில்லை. “கோப்பி இன்னும் இருக்கிறதா?” என்று தமக்கையார் கேட்டார். இரண்டு கிண்ணம் அருந்தினார்.

பெருங்கப்பல்களுக்கும் இத்தொல்லை உண்டு. ‘ஜெரால்ட் ஆர். ஃபோர்ட்’ என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மலசலகூடக் குழாய்களை அவ்வப்போது அமிலமிட்டுக் கழுவ வேண்டியிருப்பதாகவும், ஒருமுறைக்கு 400,000 டொலர் செலவாவதாகவும் அந்நாட்டு அரசாங்கப் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2020இல் அறிவித்தது. 2013 பெப்ரவரியில் மெக்சிக்கோ வளைகுடாவிலே ‘கார்னிவல் டிரையம்ப்’ என்னும் உல்லாசக் கப்பலின் இயந்திர அறையிற் தீப்பற்றி மின்வலு அற்றுப்போக, நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் மலசலகூட வசதியின்றிப் பல நாட்கள் பட்ட பாடு உலகச் செய்தியாயிற்று. நண்பரோ மாதம் ஒருமுறை வினாகிரியை ஊற்றி ஓரிரவு விட்டுவைப்பதே போதும் என்கிறார். வெளுப்பு நீர் இறப்பரைக் கெடுக்குமாதலின் ஆகாது. எளிதிற் கரையும் தாளையன்றி வேறெதனையும் கிண்ணத்தில் இடலாகாது என்பதைச் சுவரில் எழுதி ஒட்டியுமிருக்கிறார்.

மூன்றாம் நாள் சாண்ட்ஹாம் சேர்ந்தோம். பெயருக்கேற்ப மணல் நிறைந்த தீவு. துறையெங்கும் பாய்மரங்கள் காடாக நின்றன. கழிவு உறிஞ்சும் நிலையத்தில் நான்கு படகுகளின் பின்னே காத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் நண்பர் முதலிற் தாங்கியின் காற்றுத் துளையைச் சோதித்தார். அது அடைபட்டிருக்க உறிஞ்சினால், தாங்கியின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கி வெடித்துவிடக்கூடுமாம். அதன்பின் மேற்றளத்து மூடியைத் திறந்து குழாயைப் பொருத்தினார். கண்ணாடிக் குழலில் ஓடிய நீர் தெளியும் வரை இருமுறை அலம்பினார். தமக்கையார் கரையிறங்கி, வெண்ணிறக் கப்பலைத் திரும்பியும் பாராமல், கறுவா மணக்கும் பணிஸ் வாங்கி வந்தார். பின்னால் நின்ற படகுக்காரர் ஊதுகுழலை அடிக்கவே, கயிற்றை அவிழ்த்து அப்பால் நகர்ந்தோம்.