உருளும் மேசை

ஏடும் எழுத்தாணியுங் கொண்டு எழுதிய நம் முன்னோர்க்கு மேசை வேண்டியிருந்ததில்லை. இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி. திண்ணையாயினும் மரத்தடியாயினும் அமர்ந்தவிடமே எழுதுமிடம். தாளும் மேசையும் வந்தபின்னரே எழுதுவோன் மேசையைத் தேடிச் செல்பவனானான். இப்பொழுதோ மேசையே அவனைத் தேடி வருகின்றது. உருளைகள் பூட்டி, உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தக்கதாய், மடிக்கணினியை ஏந்திச் செல்லும் மேசையையே குறிக்கின்றேன். அதனைச் சோம்பரின் ஆடம்பரம் என்பார் எம் விடுதியிற் பலருளர். எம் இல்லத்தில் அஃது என் படிப்பைக் காத்தது.

சென்ற பருவத்தில், திண்டிவனத்திலுள்ள எம் வீட்டில் என் பாட்டியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். விழுப்புரத்தில் அறுவை மருத்துவம் முடிந்து வீடு திரும்பினார். தாயார் பள்ளியாசிரியை, தந்தையார் இல்லை, பகலில் உடனிருக்க என்னையன்றி ஒருவருமிலர். கட்டுரைகளை நாள் தவறாது அனுப்புவதெனின் சில வாரம் வீட்டிலிருக்கலாம் என்று ஆசிரியர்கள் இசைந்தனர். தவறின் அப்பருவமே வீண். வீடோ ஒரு கூடமும் அடுக்களையுமே. கணினி, அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் தமக்கையார் பள்ளியிற் பெற்றது. அதன் மின்கலம் மூப்படைந்துவிட்டமையால் மின்கம்பியைப் பிரிந்து கால்மணி நேரமும் வாழாது. கூடத்தின் குறுக்கே கம்பியை நீட்டினாலோ, நடக்கப் பழகும் முதியவர் காலில் அது சிக்கும்.

மருத்துவமனைகளில் நோயாளர் உண்பதற்குக் கட்டிலின்மேல் நீட்டிவைக்கும் மேசையை அன்பர்கள் கண்டிருப்பர். ஒருபுறமே கால்; அடிச்சட்டம் கட்டிலின் கீழ் நுழையும்; பலகை படுத்திருப்பவர்முன் நிற்கும். அத்தகைய பழைய சட்டம் ஒன்று விழுப்புரத்துப் பழம்பொருட் கடையிற் கிடைத்தது. பேருந்தில் ஏற்றியபோது நடத்துநர் அதற்கும் லக்கேஜ் சீட்டுக் கிழித்தார். திண்டிவனத்து வெல்டிங் பட்டறையில் குழாய்க்குள் குழாயாகச் செருகி, துளையிட்டு, முளை பாய்ச்சினோம். வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். இரண்டங்குல உருளைகள் நிலைப்படியில் இடறியமையால் மூன்றங்குல உருளைகளை மாட்டினோம். அவற்றுள் இரண்டிற்குப் பூட்டு உண்டு. அடிச்சட்டத்தைக் குறைத்தால் ஒழுங்காயிருக்குமே என்றேன். பலகை எவ்வளவு நீளமோ அடியும் அவ்வளவு நீளம் வேண்டும், இல்லையேல் கவிழும் என்று பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். மின்பலகையைப் பலகையின் அடியிலேயே திருகாணியிட்டுப் பொருத்தினேன். சுவரிலிருந்து ஒரே கம்பி, அதுவும் சுவரோரமாகவே.

மடிக்கணினியில் ஒரு குறையுண்டு. திரையும் விசைகளும் ஒட்டிப் பிறந்தவை. கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கைகள் தூக்கிநிற்கும். கைக்கு ஏற்றவாறு தாழ்த்தினாற் கழுத்து வளையும். நிகண்டுகள் இரண்டை அடுக்கி அதன்மேற் கணினியை ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்றைக் கீழே வைத்துக்கொண்டேன். நிகண்டிற்கு இப்படியும் ஒரு பயனுண்டு போலும்!

காலையில் அது கட்டிலருகே கஞ்சி மேசை. பத்துமணிக்குத் துடைத்தபின் என் மேசை. பாட்டியார் உறங்கும் நண்பகலில் எனக்கும் உறக்கம் வருமாதலின், முளையை மேலேற்றி நின்றுகொண்டே எழுதுவேன். மாலை வெயில் திரையிற் படின் மறுசுவருக்கு உருட்டிச் செல்வேன். "ராசா, உன் வண்டியை இங்கே ஓட்டிக்கொண்டு வா, படிப்பதை உரக்கப் படி" என்பார். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் வாயிலாகச் சங்கப் பாடல்கள் எம் கூடத்தை அடைந்தன. மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் 1931-இல் நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனார் தொடங்கிவைத்த மாட்டுவண்டி நூலகத்தைப் பற்றிப் பாட்டியாரிடம் கூறினேன். "மாடாவது சொன்ன சொற்கேட்கும், உன் வண்டி கேட்குமோ?" என்றார்.

அவ்வச்சம் மெய்யானதே. எழுந்து நிற்கத் தொடங்கிய நாள்களில், கைக்கெட்டிய அம்மேசையைப் பற்றி எழ முயன்றார். உருளுவது ஊன்றுகோலாகாது, பூட்டிட்டாலும் ஒருபுறக் காலையுடைய மேசை சாயும். அன்றுமுதல் எழும் வேளைகளில் அதனை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, மருத்துவர் கொடுத்த வாக்கரையே முன்னிறுத்தினேன். இதற்காக எங்களிருவர்க்கும் நடந்த வழக்குகள் பல.

கட்டுரைகள் ஐந்தும் உரிய நாளிற் சென்றுசேர்ந்தன. பாட்டியார் இப்பொழுது வாசல்வரை நடக்கின்றார். அடுத்த தெருவில் ஒருவர் தம் தந்தையாருக்காக அம்மேசையைக் கேட்டிருக்கின்றார். தேர்வு முடிந்ததும் தருவதாக யான் வாக்களித்துள்ளேன். பாட்டியார் இன்னும் இசையவில்லை.