மாட்டு முதுகு பாத்துப் போட்ட கோடு

அன்புள்ள செல்வி,

பிலிப்பைன்ஸ் தவாவோவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போனவ ஆஸ்பத்திரிக் கதை எழுதுவான்னுதானே கவரைப் பிரிச்சே? இல்லடி, இது மண் விவகாரம். உங்கப்பா கொல்லிமலைச் சரிவுல குச்சிக்கிழங்கு போட்டு, மழைக்கு மழை மேல்மண்ணைக் கீழ்க்காட்டுக்காரருக்குத் தாரை வார்க்கிறாரே, அதனால பொறுமையாப் படி.

எங்க மெஸ் அக்காவுக்குச் சொந்த ஊரு பன்சாலன். வாயைக் கிளறினா ஊர்க்கதை அத்தனையும் கொட்டும். ஹரால்ட் வாட்சன்னு ஒரு அமெரிக்க மிஷனரி அங்க பண்ணை நடத்தினார். 1978ல சரிவுக்குக் குறுக்கே மட்டக்கோடு பிடிச்சு, நாலஞ்சு மீட்டருக்கு ஒரு வரிசையா இப்பில் இப்பில்ங்கிற மரத்தை நெருக்கி விதைக்க ஆரம்பிச்சார். யாருன்னு பாத்தா, நம்ம ஊர்ச் சவுண்டல்! இடையில மக்காச்சோளம், காப்பி, வாழை. அந்த மர வேலி வளர வளர வெட்டி, தழையை அங்கேயே பரப்பணும். தழை மக்கினா மண்புழு சேரும், இறுகின மண்ணு பொலபொலன்னு ஆகும், மழைத்தண்ணி ஓடாம உள்ள இறங்கும். அரிச்சு வர்ற மண்ணும் வேலியடியில தங்கி, சில வருஷத்துல மேடை தானா உருவாகிடும். 1985ல அவருக்கு மகசேசே விருதே குடுத்தாங்க.

யார் கண்ணு பட்டுதோ, அதே சமயத்துல எள்ளளவு பூச்சி ஒண்ணு கிளம்பி சவுண்டலை மொட்டையடிச்சிடுச்சு. அதுக்கப்புறம் சீமை அகத்தி, ஃப்ளெமிஞ்சியான்னு பல செடி கலந்து போட்டாங்க.

முக்கியமான வம்பு இனிமேதான். வடக்கே கிளாவேரியாவுல சம்சாரிங்களுக்கு, வேலி வெட்டியே இடுப்பு ஒடிஞ்சுது. 'போங்கடா'ன்னு அந்தக் கோட்டு மேல அரை மீட்டர் அகலத்துக்கு உழாம விட்டாங்க. புல்லு தானா முளைச்சு மண்ணைப் பிடிச்சுக்கிச்சு. ஆராய்ச்சிக்காரங்களும் வந்து பாத்துட்டு அவங்க கட்சியில சேந்துட்டாங்க! கோடு பிடிக்கிறதுக்கும் கருவி கிடையாது. ஏர் பூட்டின மாட்டைச் சரிவுக்குக் குறுக்கே நடத்தி, பின்னால இருந்து முதுகைப் பாப்பாங்களாம். முன்பக்கம் தூக்கினா மாடு ஏறுது, பின்பக்கம் தூக்கினா இறங்குது. முதுகு மட்டமா இருந்தா அதுதான் கோடு.

என்னைக் கேட்டா, கோடு சரியா விழுந்தா பாதி வேலை முடிஞ்சுதுடி. அதுல மரமா புல்லாங்கிறது அவங்கவங்க தெம்பைப் பொறுத்தது. ஒரே ஒரு வில்லங்கம்: ரெண்டு கோட்டுக்கு நடுவுல பயிர் போடுற பட்டையோட மேலோரத்து மண்ணு மெலிஞ்சு, கீழோரம் கொழுத்துப் போகும். எருவும் தழையும் மேலோரத்துக்கு அதிகமாப் போடணும். புல்லு மண்ணை நிறுத்தும், ஆனா சவுண்டல், அகத்தி மாதிரி தழைச்சத்து தராது.

உங்கப்பாகிட்ட சவுண்டல்னு வாயத் திறக்காதே, 'களையை எவன் நடுவான்?'னு எகிறுவார். அரை மீட்டர் உழாம விடுங்கன்னு மட்டும் சொல்லு. காசு கேக்காத யோசனைக்கு அவர் காது குடுப்பார்.

அது கிடக்கட்டும், அந்த ராசிபுரத்து மாப்பிள்ளை வீட்டுல என்ன சொன்னாங்க? ஒண்ணு விடாம எழுது.

உன்
மல்லிகா