நள்ளிரவு 12.40

என் தமக்கையார் விட்டுச் சென்ற மடிக்கணினி, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் செங்கல்பட்டு வீட்டுத் தகரப் பெட்டியில், பழைய புடவை ஒன்றில் சுற்றப்பட்டுக் கிடந்தது. 1998-இல் வாங்கியது. மாமல்லபுரத்தை அடுத்த கடலோரப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்த அவர், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலுள்ள மீனவர் குப்பங்களில் கேட்ட சொற்களை அதில்தான் சேர்த்து வந்தார். காற்றின் பெயர்கள், அலையின் பெயர்கள், வலையின் உறுப்புகள். 2004 டிசம்பர் 26-க்குப் பின் அவ்வேலையில் ஒரு வேகம் கூடியது. சொல்லித் தந்தவர்களில் சிலர் அன்று இல்லாமற் போயினர். 2006-இல் அவரும் மறைந்தார்.

சென்ற மாதம் அதனை வெளியே எடுத்து, மின்னேற்றியைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விளக்கும் எரியவில்லை, ஓசையும் இல்லை. பேருந்து நிலையத்தருகே கைப்பேசி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் பொத்தானைத் தொடவே இல்லை. முதலில் அடிப்புறத் திருகுகளைக் கழற்றி, உள்ளங்கையளவான வன்தட்டை உருவினார். எனக்குச் சினம் வந்தது. அக்காள் மூடி வைத்தபடியே அது மீண்டும் திறக்க வேண்டும் என்பது என் விருப்பம். அறுவை செய்யவா கொண்டு வந்தேன்?

"சார், பெட்டி போனா வேற பெட்டி கிடைக்கும். இது போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். விடை சொல்ல இயலவில்லை. வன்தட்டு பிழைத்திருந்தது. அதிலிருந்த அனைத்தையும் படியெடுத்துக் கொடுத்த பிறகே பெட்டிக்கு வந்தார்.

மின்னேற்றியை மல்ட்டிமீட்டரால் அளந்தார். 16 வோல்ட் சரியாகவே வந்தது. அடுத்து, பெரிய மின்கலத்தையும் மின்னேற்றியையும் விலக்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மின்தேக்கிகளில் தங்கிய எச்சமின்சாரம் இயந்திரத்தைத் திகைக்க வைத்திருக்கலாம்; அது வடிந்தால் தெளியுமாம். தெளியவில்லை. மின்னேற்றியின் முனை நுழையும் துளையை விளக்கடியில் காட்டினார். செப்புத் தொடுமுனைகளில் பச்சைப் பூச்சு. கடற்கரை வீட்டில் எட்டாண்டு வாழ்ந்ததற்கு உப்புக் காற்று எழுதிய கணக்கு அது. சாராயக் கரைசலில் தோய்த்த தூரிகையால் தேய்த்தார். பொத்தானை அழுத்தியதும் பச்சை விளக்கு எரிந்தது.

திரையில் 161, 163 என்ற இரண்டு எண்கள் தோன்றி நின்றன. 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியிலேயே இவ்வெண்களுக்குப் பொருள் உண்டு: முதலது, கடிகாரத்தையும் அமைப்புகளையும் காக்கும் சிறு மின்கலம் செத்தது, இரண்டாவது, நாளும் நேரமும் தெரியவில்லை. காசு வடிவான அந்த லித்தியம் மின்கலம் 3 வோல்ட் தர வேண்டியது. அரை வோல்ட்டும் இல்லை. நேராகப் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால், கம்பி பொருத்திய புதிய மின்கலத்தை வாங்கி வைத்தார்.

பெரிய மின்கலத்தை நாங்கள் உயிர்ப்பிக்க முயலவில்லை. முற்றிலும் வடிந்து ஆண்டுக்கணக்கில் கிடந்த லித்தியம் அயனி மின்கலத்தில் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றினால் உள்ளேயே குறுக்குத் தொடர்பு உண்டாகித் தீப்பிடிக்கலாம். ஆதலால் சுவர் மின்சாரத்தில் மட்டும் அது இயங்குகிறது. மடியில் வைக்க முடியாத மடிக்கணினி!

படியெடுத்த கோப்புகளை என் மகனின் புதிய கணினியில் திறந்தபோது, தமிழ் எழுத்துகளுக்குப் பதிலாக ஐரோப்பியக் குறிகள் குவிந்து கிடந்தன. ஒருங்குறி பரவுமுன் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு முறைமை வைத்திருந்த காலத்தவை. தமிழக அரசு 1999-இலேயே 'டாம்', 'டாப்' என்னும் தரங்களை ஏற்றது. அக்காளின் எழுத்துரு அதற்கும் முந்தியது. பழைய பெட்டியிலோ அவை பளிச்சென்று தமிழாகவே நின்றன. என் பிடிவாதத்துக்கு அந்த அளவுக்காவது நியாயம் கிடைத்தது.

கோப்புகளை நாள்வரிசையில் அடுக்கினேன். 1998, 1999 என்று செல்ல வேண்டிய பட்டியலின் தலையில், 1980 ஜனவரி 1, நள்ளிரவு 12.40 என்றொரு கோப்பு. 1980-இல் இந்தக் கணினியே இல்லை. சிறிது நேரம் விழித்தபின் விளங்கியது: நினைவை இழந்த கடிகாரம் 1980-இன் முதல் நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கும். சிறு மின்கலம் அவர் இருந்த நாளிலேயே செத்துவிட்டது. எச்சரிக்கையை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டு வேலை செய்திருக்கிறார். பட்டியலில் முதலாவதாக நின்றதுதான் அவர் கடைசியாக எழுதியது. மின்சாரம் கொடுத்ததிலிருந்து நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார், நோயோடு.

அதில் மூன்று சொற்களே இருந்தன. வாடை, வடக்கிலிருந்து. கொண்டல், கிழக்கிலிருந்து. கச்சான் என்பதன் எதிரே ஒரு கேள்விக்குறி.

அகராதியைப் புரட்டியிருக்கலாம். மறுநாள் காலை பேருந்தேறிக் கோவளம் சென்றேன். மணலில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவரிடம் கேட்டேன். அவர் கையை எடுக்காமலே, கடலுக்கு முதுகு காட்டித் திரும்பி, சாலைக்கு அப்பாலிருந்த மரங்களை முகவாயால் சுட்டினார். பிறகு அறுந்த கண்ணியைத் தேடலானார்.