கண்ணேறும் கறுப்புக் கம்பியும்

நோய் இன்னதென்று அறியாது மருந்து கொடுப்பவன் வைத்தியனல்லன். இயந்திரங்களுக்கும் இது பொருந்தும்.

என் மகன் தன் புதிய காரில் ஒலிபெருக்கிக் கருவி ஒன்றைப் பொருத்தினான். பாட்டு மெல்ல ஒலிக்கையில் குறையில்லை. ஓசை கூடியதும் கருவி அணைந்துவிடும். “கண்ணேறு பட்டிருக்கிறது, தம்பி, எலுமிச்சம்பழம் கட்டு” என்று பழமும் கொடுத்தார் அண்டை வீட்டுப் பெரியவர். மகனோ, “பெரிய பியூஸ் போட்டால் சரியாகிவிடும், அப்பா” என்றான்.

இரண்டும் மூடநம்பிக்கையே, பின்னது ஆபத்தும் ஆகும். பியூஸ் கம்பியின் காவலன். கம்பி தாங்கும் அளவுக்கு மேற்பட்டதைப் போட்டால், கோளாறு நேருங்கால் பியூஸ் எரியாது, கம்பி எரியும், வண்டியும் எரியும்.

அளவுகருவியை எடுத்தேன். இயந்திரம் ஓட, பாட்டு முழங்க, பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்தது. ஒலிபெருக்கியிலோ 9 வோல்ட்டே இருந்தது. எஞ்சியது எங்கே? சிவப்புக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே அளந்தேன்: அரை வோல்ட். ஒலிபெருக்கியின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்தேன்: 4 வோல்ட்! கள்வன் அகப்பட்டான்.

கறுப்பு எர்த் கம்பியின் திருகாணியைக் கழற்றினோம். அடியில் வண்ணப் பூச்சு சுரண்டப்படாமல் இருந்தது. மின்சாரம் போவதற்கு வழி செய்த மகன், அது திரும்பி வரவும் வழி வேண்டுமென்பதை மறந்துவிட்டான். பூச்சைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக முடுக்கினோம். பாட்டு பின்னர் நிற்கவில்லை.

அன்பர்களே! ஊகத்தை விடுங்கள், அளந்து பாருங்கள். அந்த எலுமிச்சம்பழம் வீண்போகவில்லை. பெரியவரையும் அழைத்து, மூவரும் பிழிந்து பருகினோம்.