காடிக்குப் புதுச் சட்டை

2019-ஆம் ஆண்டு ஆவணி மாதம். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். பட்டணத்தில் இருக்கும் என் தங்கையும் எங்கள் காடியில் வந்தாள். முன்சீட்டில் ஏறும்முன் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கிழிந்த சீட்டிலிருந்து உதிரும் ஸ்பாஞ்சுத் தூள் யாருடைய பட்டுச்சேலையிலும் ஒட்டத்தான் செய்யும். பின்சீட்டில் இருந்த என் மனைவி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடமாக அந்த முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவள் அவள். அவளுக்கு ஒரு துண்டு விரிக்கவேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

எங்களுடையது 1990-இல் செய்த புரோட்டோன் சாகா. நாட்டின் முதல் சொந்தக் காடியாக 1985 ஜூலை 9-இல் அது வெளிவந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது கையில் கிடைத்த பணத்தில், 1999-இல் பழையதாக வாங்கினோம். முப்பது வயதை நெருங்கிய காடி. சீட்டு கிழியாமல் என்ன செய்யும்?

குசன் கடையில் விசாரித்தேன். இரண்டு முன்சீட்டுக்கும் 650 வெள்ளி என்றார் கடைக்காரர். பால்மரம் வெட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானே இறங்கிவிட்டேன்.

கழற்றுவது சுலபம். ஒவ்வொரு சீட்டையும் தரையோடு பிடித்திருப்பவை நான்கு போல்ட்டுகள். சீட்டைப் பின்னால் தள்ளினால் முன்போல்ட்டு தெரியும், முன்னால் தள்ளினால் பின்போல்ட்டு தெரியும். துரு ஏறியிருந்ததால் முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால், உறையை இரும்புச் சட்டத்தோடு சின்னச் சின்னக் கம்பி வளையங்கள் பிடித்திருந்தன. அவற்றைக் குறட்டால் வெட்டி எடுத்தேன். உறையின் மடிப்புக்குள் நீளக் கம்பிகள் இருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள், மறுபடியும் வேண்டும்.

பிறகுதான் கோட்டை விட்டேன். உறையைச் சீட்டின் மேலேயே வைத்து அளந்து, அதே அளவுக்குப் புது ரெக்சினை வெட்டிவிட்டேன். போர்த்திப் பார்த்தால் நாலு பக்கமும் அரை அங்குலம் குறைகிறது. ஒரு மீட்டர் ரெக்சின் வீண்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி மெல்லச் சொன்னாள்: "ஏங்க, பழைய ரவிக்கையைப் பிரிச்சு வச்சுத்தானே புது ரவிக்கைக்கு அளவு வெட்டுவோம்? இதுவும் அப்படித்தானே?"

லயத்தில் இருந்த காலத்தில் தீபாவளி வந்தால் பாதி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தவள். எனக்கு அவளைக் கேட்கவேண்டுமென்று தோன்றவே இல்லை. வெட்கத்தோடு கத்தரிக்கோலை நீட்டினேன்.

அவள் பழைய உறையின் தையலைப் பிரித்து, துண்டு துண்டாக எடுத்து, எது முன், எது பின் என்று சுண்ணக்கட்டியால் எண் போட்டாள். சுற்றிலும் தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டினாள். ரெக்சினில் ஊசி குத்திய ஓட்டை மறையாது என்பதால், குண்டூசிக்குப் பதில் துணிக்கிளிப்பு மாட்டினாள். தடித்த ஊசி, கெட்டியான நைலான் நூல், நீளத் தையல். நெருக்கித் தைத்தால் அந்த வரிசையிலேயே கிழிந்துவிடுமாம். மிசின் காலில் ரெக்சின் ஒட்டிக்கொண்டபோது கொஞ்சம் முகப்பவுடர் தூவினாள், வழுக்கிக்கொண்டு ஓடியது.

நான் ஸ்பாஞ்சைக் கவனித்தேன். ஓட்டுகிறவர் ஏறி இறங்கும் வலப்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. நைந்ததை ரொட்டிக் கத்தியால் நேராக வெட்டி நீக்கி, புதுத்துண்டு வைத்து ஒட்டினேன். பசையை இரண்டு பக்கமும் தடவி, ஈரம் போய்ப் பிசுபிசுப்பு வந்த பிறகுதான் சேர்த்து அழுத்தவேண்டும். கழன்றிருந்த ஸ்பிரிங்கை மாட்டி, அதன்மேல் கோணிச்சாக்கை மடித்துப் போட்டேன். இல்லாவிட்டால் கம்பி ஸ்பாஞ்சை அறுத்துவிடும்.

தைத்த உறையைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்தால் இளகும். பிறகு நடுவிலிருந்து ஆரம்பித்துச் சுருக்கம் விழாமல் இழுக்கவேண்டும். அறுந்த வளையங்களுக்குப் பதில் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையால் இறுக்கினோம்.

"உங்களுக்குத்தான் இடுப்புவலி. உங்க சீட்டை முதல்ல போடுவோம்" என்றாள். நான் ஒப்பவில்லை. அவள் சீட்டைத்தான் முதலில் முடித்தோம். இரண்டுக்கும் சேர்த்து, நான் வீணாக்கியதோடு, 170 வெள்ளிக்குள் அடங்கியது. ஒரு மடிப்பு கோணல்தான். இன்றைக்கும் அது என் கண்ணுக்குத் தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள். போல்ட்டுகளை நன்றாக முறுக்கி, ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடியும் சரிபாருங்கள். சீட்டு பெல்ட்டில் கை வைக்காதீர்கள். சீட்டுக்குள்ளேயே காற்றுப்பை வைத்த புதுக் காடியாக இருந்தால், இந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

அந்தத் தீபாவளிக்குக் கோயிலுக்குப் புறப்பட்டபோது, மனைவி கல்யாணத்துக்குக் கட்டிய அதே பட்டுச்சேலையைக் கட்டியிருந்தாள். கதவைத் திறந்துவிட்டேன். உட்காரும்முன் பழக்கதோஷத்தில் சீட்டைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டாள். தூள் எதுவும் இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.