குதிகாலில் ஒரு குத்து

புனேயில் போசரி எம்ஐடிசி பக்கம் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். போன வாரம் எதிர்வீட்டுத் தங்கச்சிக்குப் பெண் குழந்தை. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து குதிகாலின் ஓரத்தில் குத்தி, தடித்த தாளில் அச்சிட்டிருந்த வட்டங்களை ஒவ்வொன்றாக ரத்தத்தால் நிரப்பினார். பாட்டிக்குப் பொறுக்கவில்லை. "பச்சைப் பிள்ளையை ஏம்மா குத்துறீங்க?"

காரணம் இருக்கிறது. அந்த ரத்தத்தைச் சோதித்தால் தைராய்டு குறையை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தை பெரும்பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். மாதங்கள் கழித்து வளர்ச்சியில் பின்தங்குவது தெரியவரும்போது மூளைக்குச் சேதம் ஆகியிருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கிவிட்டால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே வளரும். விலை குறைந்த மாத்திரைதான். இந்தியாவில் ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை.

குதிகால் ரத்தத்தைத் தாளில் எடுத்துச் சோதிப்பது 1960களில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி பரவலாக்கிய முறை. கோவா 2008இலேயே அரசுத் திட்டமாகத் தொடங்கியது. இன்னும் பல இடங்களில் கேட்டால்தான் செய்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை. தயவுசெய்து கேளுங்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயும் கேளுங்கள். சரியான போன் நம்பர் கொடுங்கள்; மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டால் அன்றைக்கே போங்கள்.