வீசம் ஏக்கர்

ஆங்கிலப் பள்ளியில் எங்களுக்குச் சின்சின்னாட்டசின் கதையைச் சொல்லிக் கொடுத்தார்கள். உரோமாபுரிக்கு ஆபத்து வந்தபோது ஏரை விட்டுவிட்டுப் படை நடத்திய அவர், வெற்றிக்குப் பின் மீண்டும் ஏரைப் பிடித்தாராம். ஆசிரியர் அவருடைய எளிமையை வியந்தார். திரும்பிச் செல்ல அவருக்குச் சொந்தமாக இரண்டரை ஏக்கர் இருந்தது என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை.

என் பாட்டனார் மேருவை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் சுபாஸ் போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின், கத்தியை வைத்துவிட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார். 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது; படை கலைந்தது. தோற்ற படைக்குப் பென்ஷன் ஏது? பழைய லயத்துக்கே திரும்பினார். விடியலில் பால்வெட்டு, பிற்பகலில் லயத்தின் பின்புறம் மண்வெட்டி.

கிள்ளான் கரையோரத்து மண் களிமண். நீர் வடியாவிட்டால் மரவள்ளி அழுகிவிடும். பாட்டனார் முதலில் விதைக்கவில்லை, வெட்டினார். பட்டாளத்தில் பதுங்குகுழி தோண்டிய கை, இடுப்பளவு ஆழத்தில் வாய்க்கால் எடுத்தது. தோண்டிய மண்ணைப் பாத்தியாக உயர்த்தி, அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் கலந்து, கத்தரியும் கீரையும் மரவள்ளியும் வைத்தார். வேலியோரம் முருங்கை. காலையில் பாத்திகளைப் பார்த்து வருவதைப் பாட்டியார் "அணிவகுப்பு" என்று கேலி செய்வாராம். ஆனால் அரிசி விலை ஏறிய நாட்களில் குடும்பத்தைக் காத்தது அந்த அணிவகுப்புத்தான்.

அந்த நிலத்தின் அளவு என்ன? 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளி பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்க வகை செய்தது. நம் பழைய வாய்ப்பாட்டில் அது ஒரு வீசம். தோட்டத்துக் கிராணியாகக் கணக்கெழுதும் எனக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பஞ்சாபில் கால்வாய் வெட்டிப் புதுநிலம் திறந்த ஆங்கில சர்க்கார், தனக்காகப் போரிட்ட சிப்பாய்களுக்கு அங்கே "சதுரம்" "சதுரமாக" வழங்கிற்று. சதுரம் ஒன்று 25 ஏக்கருக்குக் குறையாது. அதாவது நானூறு வீசம்! இரண்டாம் உலகப் போருக்குப் பின் சென்னை மாகாண சர்க்காரும் வயநாட்டில் குடியேற்றத் திட்டம் வகுத்துப் படையினின்று விடுபட்டோரைப் பயிர்த்தொழிலில் அமர்த்தியது. அவர்களுக்கு வழிகாட்ட அம்பலவயலில் எழுந்த ஆராய்ச்சி நிலையம் இன்றும் கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது.

சர்க்கார் தன் வீரனுக்குக் கொடுத்தது, எதிர்த்த வீரனுக்குக் கொடுக்கவில்லை, அதில் வியப்பில்லை. நான் கேட்பது வேறு. வீசமும் அவருடையதன்று, தோட்டத்துடையது. வேலை உள்ளவரை மண். வேலை போனால் அதுவும் போயிற்று. துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க 1960-இல் சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பெருஞ்செயலே. எங்கள் தோட்டம் அந்தக் கைக்கு வரவில்லை. பின்னாளில் அது வீட்டுமனைக்கு விற்கப்பட்டபோது, வேலை செய்த ஆண்டுகளுக்குத் தொகை கணக்கிட்டார்கள். நாற்பது ஆண்டு எரு தின்ற பாத்திக்குப் பேரேட்டில் பத்தியே இல்லை. முருங்கையையும் எவரும் எண்ணவில்லை.

இன்று தோட்டத்தை விட்டு வெளியேறும் நம்மவர் வீடு கேட்டு மகஜர் எழுதுகின்றனர். நானும் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டோடு பட்டாவுள்ள ஒரு வீசம் மண்ணும் வேண்டுமென்று அவற்றில் ஒரு வரி சேர்த்தால் என்ன?